எட்டு மூணும் ஒரு ஒண்ணும்

பதினேழால் வகுத்ததும் மீதி பூஜ்ஜியம் வந்தது.

வீட்டில் கணக்குப்பிள்ளை என்று பேர் வாங்கியிருந்த அந்தப் பள்ளிக்கூடப் பெண் கால்குலேட்டரை அழித்துவிட்டு மறுபடியும் போட்டாள். ஒன்பது இலக்கமும் விழுந்திருக்கிறதா என்று திரையில் நகத்தை வைத்து எண்ணினாள். எட்டு மூன்று, கடைசியில் ஒரு ஒன்று. வகுத்தல், பதினேழு. 19607843 என்று வந்து நின்றது. புள்ளி இல்லை, புள்ளிக்குப் பின்னால் வால் இல்லை. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி அவ்வளவு சுத்தம்.

இயந்திரத்தை நம்ப மனமில்லாமல் காகிதத்தில் கையால் வகுத்துப் பார்த்தாள். கையும் அதையேதான் சொன்னது.

விடிந்தால் பள்ளியில் கணிதக் கண்காட்சி. வீடு அடங்கியிருந்தது. கீழ்த்தளத்துக் கடைக்காரர் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போய் வெகுநேரம் ஆகிவிட்டது. அவளுடைய கட்டில் முழுக்க ஒரு கருநீலத் துணி விரிந்து கிடந்தது. துணியின் தலைப்பில் ‘எல்லாமே பகா எண்கள்’ என்று மஞ்சள் நூலில் எம்பிராய்டரி. அதற்குக் கீழே படிக்கட்டு மாதிரி எட்டு வரிகள்:

31
331
3331
33331
333331
3333331
33333331
333333331

பகா எண் என்றால் யாருக்கும் பங்கு போகாத எண். ஒன்றாலும் தன்னாலும் வகுபடும், மற்றபடி எதைக் கொண்டு வகுத்தாலும் கொஞ்சம் மிச்சம் வைத்துவிடும். மூன்றுகளை வரிசையாக நிற்கவைத்து வாலில் ஒரு ஒன்றைக் கட்டிவிட்டால் பகா எண் கிடைக்கிறது என்பதை அவள் ஒரு மழைநாளில் சும்மா விளையாட்டாகக் கண்டுகொண்டாள். உலகத்தில் வேறு யாராவது முன்பே கண்டிருப்பார்கள் என்று தெரியும். இருந்தாலும் அவளைப் பொறுத்தவரை அது அவளுடையதுதான். ஏழாவது வரியைச் சரிபார்க்க அவளும், சத்தமாகப் பேசிப் பேசியே லவுட்ஸ்பீக்கர் என்று பேர் வாங்கிய அவள் சிநேகிதியும் பள்ளி விட்டபிறகு நூலகத்தில் உட்கார்ந்து நூற்றுக்கணக்கான வகுத்தல்களைப் போட்டார்கள். அதோடு நிறுத்திக்கொண்டார்கள். அவள் எழுதிக் கொடுத்தது ஏழு வரிதான்.

எட்டாவது வரி சித்தப்பா தைத்தது.

சித்தப்பா என்றால் அம்மா ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்டவர். அப்பா என்று கூப்பிடச் சொல்லி யாரும் அவளை நெருக்கவில்லை. சித்தப்பா என்பது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. சீருடைகளுக்கு எம்பிராய்டரி போடும் பட்டறையில் அவருக்கு வேலை. காவலாளி தொப்பிகளில் கம்பெனி பெயர், நர்ஸ்களின் சட்டைப் பையில் ஆஸ்பத்திரி முத்திரை. அம்மா அந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ். பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. வீட்டில் அவர் நடப்பதே தெரியாது. அவளுக்கு என்று ஷூ வாங்கிவந்தார், அளவு பெரிதாகிவிட்டது. மேஜை விளக்கு வாங்கிவந்தார், அவளிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது. “பரவால்ல சித்தப்பா” என்று இரண்டையும் அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டாள்.

போன வாரம் சாப்பிடும்போது அவர் கேட்டார். “அப்புறம், கணக்குப்புள்ள? ஏழு மூணோட நின்னுட்டியே. எட்டு மூணு போட்டா என்னாகும்?”

அவள் ஃபோனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அப்படியேதான், போய்க்கிட்டே இருக்கும்.”

“அடேயப்பா” என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

இன்று சாயங்காலம் துணியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். “பிரிச்சுப் பாரு” என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “கீழ இடம் மூளியா கிடந்துச்சு. நீதான் போய்க்கிட்டே இருக்கும்னியே. அதான் என் பங்குக்கு ஒரு வரி.” அவள் வாய்விட்டு “சூப்பர்!” என்றாள். வேண்டுமென்று சொல்லவில்லை, தானாக வந்துவிட்டது. அவருக்குச் சிரிக்கும்போது காது அசையும் என்பதை இன்றைக்குத்தான் பார்த்தாள். அப்புறம் அவர் நாளைக்கு அரைநாள் லீவு சொல்லியிருப்பதாகவும் கண்காட்சிக்கு வரப்போவதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். “ஸ்கூல் கேட்டப் பாத்தாலே எனக்கு இன்னமும் திரும்பி ஓடத் தோணும். இருந்தாலும் வர்றேன்.”

அவர் தூங்கப்போன பிறகு, ஒரு மரியாதைக்காகத்தான், எட்டாவது வரியை வகுத்துப் பார்ப்போமே என்று உட்கார்ந்தாள். ஏழு, இரண்டு மிச்சம். பதினொன்று, ஒன்று மிச்சம். பதிமூன்று, ஆறு மிச்சம். அடுத்தது பதினேழு.

போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு லவுட்ஸ்பீக்கரைக் கூப்பிட்டாள்.

“என்னடி, கிணத்துக்குள்ள இருந்து பேசுற?”

“எட்டாவது பதினேழால போகுது.”

“எட்டாவது எங்கேருந்துடி வந்துச்சு? நம்மளுது ஏழோட முடிஞ்சிடுச்சே.”

“சித்தப்பா தச்சிட்டார். மேல ‘எல்லாமே பகா எண்கள்’னு வேற இருக்கு.”

“அட கொடுமையே” என்றாள் லவுட்ஸ்பீக்கர். “சரி, மடிச்சிடு. கீழ் வரிய உள்ள மடக்கி நாலு குண்டூசி குத்து. பாக்கிறவங்க துணியப் பிரிச்சா பாக்கப் போறாங்க?”

“அவர் வர்றார்டி. லீவு போட்டுட்டு.”

“அவரா? உங்க வீட்டு ஊமைக்கோட்டானா?”

“அப்படிச் சொல்லாத.”

“நீ வச்ச பேருதான், தாயே.” ஒரு கொட்டாவி. “இங்க பாரு. நாளைக்கு நடுவரா வர்றது அந்தக் கண்ணாடி மேடம். போன வருஷம் ஒருத்தன அழவச்சு அனுப்பினாங்களே, அவங்க. வந்ததும் மொத வேலையா கடைசி வரியத்தான் வகுத்துப் பாப்பாங்க. அவர் நிக்கும்போதே சொல்லுவாங்க. அதுக்கு நீயே சொல்லித் தொலைச்சிடலாம்.”

ஃபோனை வைத்ததும் அந்தக் காட்சி அப்படியே கண்ணில் வந்தது. கூட்டத்தின் நடுவில், இஸ்திரி போட்ட சட்டையில், சித்தப்பா. அவர் வரியின்மேல் கண்ணாடி மேடத்தின் விரல்.

அம்மாவுக்கு இன்று ராத்திரி ஷிஃப்ட். வார்டுக்கு நடுவில் கூப்பிட்டால் திட்டுவாள் என்று தெரிந்தும் கூப்பிட்டாள்.

“யாருக்கு என்னாச்சு?” என்றாள் அம்மா எடுத்த எடுப்பில்.

“யாருக்கும் ஒண்ணும் ஆகல” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது.

“அவரை எழுப்பி இதச் சொல்லிக்கிட்டிருக்காத” என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. “முதலாளிகிட்ட கெஞ்சி மெஷின் வாங்கி, வேலை முடிஞ்சப்புறம் உக்காந்து தச்சிருக்கார். இதுவரைக்கும் அவர் குடுத்து நீ சிரிச்சு வாங்கிக்கிட்டது இந்த ஒண்ணுதான். தெரியுமா உனக்கு? உன்கூடப் பேச்சுக் குடுக்கவே அந்த மனுஷனுக்குப் பயம்.”

“அப்ப தப்பையே தூக்கிக்கிட்டுப் போகச் சொல்றியா?”

“நான் என்ன சொல்றேன்னு எனக்கே தெரியல, குட்டி. பெல் அடிக்குது. காலைல வந்து பேசிக்கலாம்.”

காலையில் அம்மா வந்து சேர்வதற்கும் அவள் பள்ளிக்குக் கிளம்புவதற்கும் நடுவில் ஒரு டீ குடிக்கத்தான் நேரம் இருக்கும். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எட்டாவது வரியைத் தடவிப் பார்த்தாள். மற்ற ஏழைவிடவும் அதில்தான் தையல் நெருக்கமாக இருந்தது. பட்டு மாதிரி வழுக்கியது.

நாமே பிரித்துவிடலாம் என்று தோன்றியது அப்போதுதான். காலையில் கேட்டால் இடம் போதவில்லை, மேஜை சின்னது என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

முன்னறையில் நாற்காலிமேல் அவருடைய வேலைப் பை இருந்தது. இருட்டில் துழாவித் தையல் பிரிக்கும் குட்டிக் கத்தியை எடுத்துவந்தாள். கடைசி ஒன்றின் காலடியில் முனையைக் கொடுத்து நெம்பினாள். நூல் அறுபடவில்லை; துணிதான் சுருங்கிக்கொண்டு கூடவே எழும்பியது. இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்தாள்.

“மேல இருந்து பிரிக்காத.”

கத்தி கையிலிருந்து நழுவிவிட்டது. அறை வாசலில் சித்தப்பா, பனியனோடு, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார்.

அவர் துணியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சாயங்காலம் அசைந்த காது இப்போது அசையவில்லை.

“பிடிக்கலன்னா அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றார். கோபமே இல்லாமல் சொன்னதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. “குடு. இப்படி இழுத்தா துணி கிழிஞ்சிடும். பின்பக்கம் இருக்கிற நூலத்தான் மொதல்ல அறுக்கணும். அது போயிட்டா மேல இருக்கிறது தானா வந்துடும்.”

தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். துணியை மடியில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார். பின்பக்கம் ஒட்டியிருந்த மெல்லிய தாளை நகத்தால் கீறி நீக்கினார். கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் கேட்டார்.

“எதுவரைக்கும் பிரிக்கணும்? மொத்தமும் வேணாமா?”

அவள் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். “சித்தப்பா, பிடிக்காம இல்ல.”

“இருக்கட்டும், பரவால்ல.”

“ஐயோ, பிடிக்காம இல்லங்கிறேன்ல! அந்த வரி தப்பு.”

“தப்பா?” துணியைத் திருப்பி வரியின்மேல் விரலை ஓட்டினார். “எட்டு மூணு, ஒரு ஒண்ணு. சரியாத்தானே இருக்கு?”

“தையல் சரி. எண்ணுதான் தப்பு. அது பகா எண் இல்ல. பதினேழால போகுது.”

“நீதானே போய்க்கிட்டே இருக்கும்னு...”

“வகுத்துப் பாக்காமச் சொன்னேன். நீங்க கேட்டப்போ நான் ஃபோனப் பாத்துக்கிட்டிருந்தேன். ஏதோ ஒண்ணு சொன்னா நீங்க அதுக்குமேல கேக்க மாட்டீங்கன்னு...” முடிக்கமுடியவில்லை. மூக்கிலும் கண்ணிலும் ஒரே நேரத்தில் ஒழுகியது. “நாளைக்கு அந்த மேடம் உங்க முன்னாடியே சொல்லிடுவாங்கன்னு பயமா இருந்துச்சு. உங்ககிட்ட சொல்றதுக்கு அதவிடப் பயமா இருந்துச்சு.”

சித்தப்பா கத்தியின் முனையை விரல் நுனியில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

“நீ பேச்ச முடிக்கத்தான் சொன்னேன்னு எனக்குத் தெரியும்” என்றார். “மூஞ்சியப் பாத்தா தெரியாதா? நான் என்ன பச்சக் குழந்தையா? மத்ததுல எப்படியோ, கணக்குன்னா நீ வாய்க்கு வந்ததச் சொல்லமாட்டேன்னு நெனச்சேன். அதான் நம்பித் தச்சேன்.”

அது போய்ச் சேரவேண்டிய இடத்தில் போய்ச் சேர்ந்தது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவரும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

அவர் கத்தியைத் தரையில் வைத்தார்.

“எங்க, காட்டு” என்றார் திடீரென்று. “பதினேழால எப்படிப் போகுதுன்னு பாக்குறேன். இவ்வளவு கஷ்டப்பட்டுத் தச்சிருக்கேன், எவன் கெடுத்தான்னு தெரிய வேணாமா?”

அவள் காகிதத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். முதலிலிருந்து எழுதினாள். அவர் கூடவே குனிந்துகொண்டார்.

“முப்பத்திமூணுல ஒரு தடவ. மிச்சம் பதினாறு” என்றாள். “அடுத்த மூண எறக்கினா நூத்தறுபத்திமூணு. ஒம்போது தடவ. மிச்சம் பத்து.”

“மெதுவா, மெதுவா. நான் எட்டாங் கிளாசோட ஓடிப்போனவன்.”

மெதுவாகப் போனாள். நூற்றிமூன்று, ஆறு தடவை, மிச்சம் ஒன்று. பதிமூன்று, போகாது. ஒவ்வொரு தடவை மிச்சம் விழும்போதும் அவர் “அப்பாடா, தப்பிச்சுது” என்றார். எழுபத்திமூன்றில் நான்கு தடவை போக ஐந்து மிச்சம் நின்றது. இறக்குவதற்கு இனிக் கடைசி ஒன்று மட்டும்தான் பாக்கி.

“அஞ்சுக்குப் பக்கத்துல ஒண்ணு. அம்பத்தொண்ணு” என்றார். உதடு அசைந்தது. பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். “பதினேழு மூணு அம்பத்தொண்ணு! அடப்பாவி, வீடு வரைக்கும் வந்துட்டு வாசப்படில விழுந்துட்டானே! அந்த ஒண்ணு மட்டும் இல்லாம இருந்திருந்தா...”

“இல்லாம இருந்திருந்தா மூணால போயிடும்.”

“ஆமால்ல?”

அவள்தான் முதலில் சிரித்தாள். அழுகைக்கு நடுவில் வந்த சிரிப்பு என்பதால் விக்கலாகிவிட்டது. அவர் எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பிறகு இருவருமாகப் பிரித்தார்கள். அவர் பின்பக்கம் நூலை அறுத்துக்கொண்டே போனார், அவள் முன்பக்கம் இடுக்கியால் மஞ்சள் இழைகளைப் பிடுங்கினாள். “நல்ல நெருக்கமாத் தச்சுத் தொலைச்சிருக்கேன்” என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார். வரி முழுக்கப் போனதும் விளக்கடியில் பிடித்துப் பார்த்தார்கள். நூல் போயிருந்தது, எண் போகவில்லை. ஊசி இறங்கிய பொட்டுப் பொட்டான ஓட்டைகளில் எட்டு மூன்றும் ஒரு ஒன்றும் அப்படியே தெரிந்தன.

“இதுக்கு வழி இருக்கு” என்றார். “நகத்தால நீவிவிட்டு இஸ்திரிப்பெட்டி ஆவியக் காட்டினா ஓட்டை மூடிக்கும். இப்பவே பண்ணிடலாம்.”

அவள் துணியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டாள். “வேணாம் சித்தப்பா.”

“பாக்கிறவங்க கேப்பாங்க.”

“கேக்கட்டும்.”

“என்னன்னு சொல்லுவ?”

“நடந்ததத்தான்.”

“என்னை எதுக்கு உள்ள இழுக்குற?” என்றார். ஆனால் இஸ்திரிப்பெட்டியை எடுக்கப் போகவில்லை.

கண்காட்சி நடந்த நீளமான கூடத்தில் இரண்டு பக்கமும் மேஜைகள். அவளுடையது ஜன்னலோரம். சித்தப்பா மேஜைக்குப் பின்னால் வந்து நிற்க மறுத்துவிட்டு, எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, யாரோ வரிசையில் நிற்கச் சொன்ன மாதிரி நின்றார். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்த அம்மா அவர் பக்கத்தில் நின்று தூங்கிவிழுந்துகொண்டிருந்தாள். வந்ததுமே அவளுக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது. “நான் சொன்னா எவ கேக்குறா?” என்றதோடு விட்டுவிட்டாள்.

கண்ணாடி மேடம் வந்தார். தலைப்பைப் படித்தார். ஒவ்வொரு வரியாக இறங்கி, ஏழாவதைத் தாண்டி, ஓட்டைகளில் வந்து நின்றார். குனிந்து பார்த்தார்.

“இங்க என்ன இருந்துச்சு?”

அவள் எதிர்ச் சுவரைப் பார்க்காமல் சொன்னாள். “எட்டாவது வரி, மேடம். அதுவும் பகா எண்தான்னு நான் வகுத்துப் பாக்காமச் சொல்லிட்டேன். எங்க சித்தப்பா நம்பித் தச்சிட்டார். நேத்து ராத்திரி பாத்தா பதினேழால போகுது. ரெண்டு பேருமா உக்காந்து பிரிச்சோம்.”

கூட இருந்த இரண்டு ஆசிரியர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

“சரி. ஒன்பது மூணு போட்டா?”

நாக்கு நுனிக்கு ஏதேதோ வந்தது. அதுவும் போகும்தான் என்று நினைக்கிறேன், அதுக்கப்புறம் எதுவுமே பகா எண் இல்லை, இப்படி. எல்லாவற்றையும் விழுங்கினாள்.

“தெரியாது மேடம். இன்னும் பாக்கல.”

“ம்” என்றார் மேடம். கையிலிருந்த அட்டையில் என்னவோ எழுதிக்கொண்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்.

காகிதத்தில் பந்தும் கோபுரமும் மடித்த ஒரு பையனுக்குப் பரிசு போயிற்று. லவுட்ஸ்பீக்கர் கூடம் அதிர அதை எதிர்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். கணக்குப்பிள்ளை துணியை மடித்துப் பையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது சுவரோரம் அம்மா மட்டும்தான் நின்றாள்.

“எங்கம்மா அவர்?”

அம்மா மோவாயால் காட்டினாள். கூடத்தின் மூலையில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில், முழங்கால் மார்பில் இடிக்க, சித்தப்பா உட்கார்ந்திருந்தார். யாரிடமோ பென்சில் வாங்கியிருந்தார். கண்காட்சி அழைப்பிதழின் பின்பக்கம் முழுக்க மூன்றுகள்.

“பட்டறைக்கு நேரமாச்சு, வாங்கன்னா வரமாட்டேங்கிறார்” என்றாள் அம்மா. “என்னடி பண்ணி வச்ச அந்த மனுஷன?”

அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். அவர் நிமிரவில்லை.

“ஒம்போது மூணு” என்றார். “பதினேழால போகல, நாலு மிச்சம். பத்தொம்பதுல ஏழு மிச்சம். இப்ப இருவத்திமூணு போட்டேன். மூணு மிச்சம். சரியா பாரு.”

அவள் குனிந்து வரி வரியாகப் பார்த்தாள். இறக்கிய இலக்கங்கள் கோணல்மாணலாக இறங்கியிருந்தன. ஆனால் ஒன்றுகூடத் தவறவில்லை.

“சரிதான் சித்தப்பா.”

“அப்ப இது பகா எண்தானா?”

“தெரியாது. இன்னும் ஆயிரக்கணக்குல பாக்கணும்.”

“ஆயிரக்கணக்குலயா?” பென்சிலைக் காதில் செருகப்போனவர் மறுபடி கையில் பிடித்துக்கொண்டார். “சரி, அடுத்தது என்ன?”

“இருவத்தொம்போது.”

அவர் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அவள் உட்கார்ந்து, அழைப்பிதழை நடுவில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

“நீங்க இருவத்தொம்போதப் போடுங்க. நான் முப்பத்தொண்ணு பாக்குறேன்.”